அறுந்த வயர் பொய் சொல்லும்

"அவன் விரலையும் எடுக்கணும்னு நான் கேக்கல. ஜெயிலுக்குப் போனா போதும்" என்றாள் அந்தப் பெண்.

நோயாளிக்கு அடுத்த தேதி குறித்துக் கொடுக்கிற நிதானத்தில் சொன்னாள். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காருகிற வேலை அவளுக்கு. கோபத்தைக்கூடப் பணிவாகவே பேசிப் பழகிய குரல்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக்கூரை அறையை அவள் திறந்துவிட்டாள். "அன்னைக்குப் பூட்டினது. சாவி என் கையை விட்டுப் போகல. அவர்கூட இதுக்குள்ள வரல."

அவர் என்பது அவள் கணவர், மருந்துக்கடைக்காரர். ஓய்வு நேரத்தில் மரம் செதுக்கும் இயந்திரம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டினார். போன மாதம் அதுவே அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.

என் பின்னால் நின்றவன் என் கொழுந்தன். என் கணவர் என்னை விட்டுப் போனபோது எடுத்துக்கொண்டு போகாதவை இரண்டு: ஒரு பழைய கார், இந்தத் தம்பி. இரண்டும் இப்போது என் துப்பறியும் தொழிலுக்கு உதவுகின்றன. இரண்டும் தேவையில்லாமல் சத்தம் போடும்.

"அண்ணி, இது மெஷினா, கட்டிலா?" என்றான்.

கட்டில் அளவுக்கு ஓர் இரும்பு மேசை. அதன் மேல் குறுக்கே நகரும் ஒரு பாலம். பாலத்திலிருந்து தலைகீழாகத் தொங்கும் வெட்டு மோட்டார். சுவரில் ஒரு பெட்டி. அதன் கண்ணாடி மூடிக்குள் இரண்டு போர்டுகள். இரண்டையும் பட்டையான சாம்பல் நிற ரிப்பன் கேபிள் ஒன்று இணைத்திருந்தது.

"கம்ப்யூட்டர் சொல்றதைக் கேட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகரணும்னு கணக்குப் போடறது இந்தப் போர்டு. மோஷன் கன்ட்ரோலர்" என்றாள் அவள். "அது சொல்றதை மோட்டார் மோட்டாராப் பிரிச்சுக் கொடுக்கறது அந்தப் போர்டு. பிரேக்அவுட் போர்டு. எங்க சாப்பாட்டு மேசையில இதைத் தவிர வேற பேச்சே கிடையாது."

"அதாவது இது முதலாளி, அது மேஸ்திரி" என்றான் கொழுந்தன்.

அவள் சிரிக்கவில்லை. பிரேக்அவுட் போர்டின் ஓரத்தில் நுழையும் ஒரு வயரைத் தொட்டுக் காட்டினாள். "இது கதவுப் பக்கத்துச் சிவப்பு பட்டனுக்குப் போறது. ஆபத்துன்னா அதை அழுத்தினா எல்லாம் நிக்கணும். பாருங்க."

வயர் நடுவில் வெட்டப்பட்டிருந்தது. எலி கடித்ததல்ல, இழுபட்டு அறுந்ததல்ல. கத்தரித்த வெட்டு.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. இவரோட சிநேகிதன், ஒரு லிஃப்ட் மெக்கானிக். ரெண்டு பேரும் சேர்ந்துதான் இதைக் கட்டினாங்க. முதல்ல மரத்துல ஒரு சுவர்க் கடிகாரம் வெட்டினாங்க. வரைஞ்சது என் வீட்டுக்காரர். கண்காட்சியில பரிசு வாங்கிட்டுப் பேப்பர்ல சிரிச்சது அவன். தனியா." அந்தத் 'தனியா'வை அவள் பல்லால் கடித்துத் துப்பினாள். "பழைய போர்டு மெதுவா இருக்குன்னு இந்தப் புதுப் போர்டு ரெண்டையும் இணைச்சிட்டிருந்த அன்னைக்குத்தான் அந்தப் பேப்பர் வந்துது. பாதி வேலையில கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினார். அந்த ஆத்திரத்துல போற போக்குல இதை வெட்டிட்டுப் போயிருக்கான்."

"அன்னைக்கு என்ன நடந்துது?"

"அவர் மெஷின் அந்தப் பக்கம் நின்னார். கையுறை கத்தியில மாட்டிடுச்சு. 'பட்டனை அழுத்து'ன்னு கத்தினார். நான் கதவுகிட்ட ஓடி வந்து அழுத்தினேன். நிக்கல. அப்புறம்தான் பின்சுவருக்கு ஓடி மெயின் சுவிட்சை அணைச்சேன்."

"பட்டன் கெட்டியா இருந்துதா? அழுந்தவே இல்லையா?"

"அழுந்திச்சு. காலிங் பெல் மாதிரிதான். கையை எடுத்ததும் மேல வந்துடுச்சு. மெஷின் மட்டும் ஓடிட்டே இருந்துது."

கதவுப் பக்கத்தில் அந்தப் பட்டன் இருந்தது. காளான் குடைபோல் உப்பிய, சிவந்த தலை. மெயின் சுவிட்ச் எதிர்ச்சுவரில், மெஷினையும் தாண்டி.

"எங்களைக் கூப்பிடணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"அவருக்குத்தான் தோணிச்சு. 'போலீஸுக்குப் போறதுக்கு முன்னால வெளியாள் ஒருத்தர் பார்த்துச் சொல்லட்டும்'னார். நம்பர்கூட அவர்தான் தேடிக் கொடுத்தார். சாயங்காலம் இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போறேன். நீங்களும் வந்து இந்த வயரைப் பத்திச் சொல்லணும்."

அவளுடைய வன்மம் எனக்குப் பிடித்திருந்தது. வருத்தப்படுகிறவர்கள் கலைந்து கிடப்பார்கள். வன்மம் கொண்டவர்கள் ஒரு முடிகூட விலகாமல் தலை வாரியிருப்பார்கள். என் கணவர் போன புதிதில் நான் அப்படித்தான் இருந்தேன். நான் அவ்வளவு அழகாக உடுத்திய காலம் வேறில்லை.

வெளியே வரும்போது அந்த மருந்துக்கடைக்காரர் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை மடியில் தூங்கும் பூனைபோல் கிடந்தது.

"எல்லாத்தையும் பார்த்தீங்களா?" என்றார்.

"பார்த்தோம்."

"நல்லாப் பாருங்க" என்றார், மனைவியைப் பார்த்துக்கொண்டே.

காரில் ஏறியதும் கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான். "அண்ணி, சொல்ல வந்தேன். அண்ணன் நேத்து மறுபடியும் போன் பண்ணி..."

"அவர் பேச்சை எங்கிட்ட எடுக்காதேன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"சொல்லியிருக்கீங்க."

"அப்போ ரோட்டைப் பாரு."

அவன் ரோட்டைப் பார்த்தான்.

*

ஒரு துணிக்கடைக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தார் மெக்கானிக். காதில் பென்சில் செருகிய ஒல்லி மனிதர். நான் யாரென்று சொன்னதும் இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டார். குற்றம் செய்தவர்கள் ஸ்டூலைத் துடைக்க மாட்டார்கள் என்று நான் நம்புவதில்லை. அதனால் நேராகக் கேட்டேன்.

"சிவப்பு பட்டனோட வயரை ஏன் வெட்டினீங்க?"

"எந்த வயரை?" என்றவர், புரிந்ததும் சிரித்துவிட்டார். சந்தோஷமில்லாத சிரிப்பு. "மேடம், அதை வெட்டினா மெஷின் நிக்கும். ஓடாது."

"வெட்டினா எப்படி சார் நிக்கும்?" என்றான் கொழுந்தன். "பட்டன் கத்தறது போர்டு காதுலயே விழாதே?"

"அந்த வயர்ல எப்பவும் கரண்ட் ஓடிட்டே இருக்கும் சார். ஓடற வரைக்கும், எல்லாம் நல்லாயிருக்குன்னு போர்டு நம்பும். ஓட்டம் அறுந்தா, பட்டனை அழுத்தினாங்களா, எலி கடிச்சுதான்னெல்லாம் அது விசாரிக்காது. உடனே நிறுத்திடும். லிஃப்ட்லயும் இதே கதைதான்."

"ஓ! கட்டிக் கொடுத்த பொண்ணு தினமும் அம்மா வீட்டுக்குப் போன் பண்ற மாதிரி. போன் வர்ற வரைக்கும் நல்லாயிருக்கா. ஒருநாள் வரலைன்னா அப்பா வண்டி பிடிச்சு வந்து நிப்பார்."

"அதேதான்" என்றார் மெக்கானிக், கொஞ்சம் வியந்து.

பாராட்டு வந்தால் என் கொழுந்தனுக்குக் கை சும்மா இருக்காது. "இதுவும் அந்த மாதிரி பட்டன்தானே?" என்று சுவரிலிருந்த சிவப்புத் தலையை அழுத்திவிட்டான்.

டக்.

மோட்டார் நின்றது. கீழே, கட்டடத்தின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு அம்மாளின் குரல் எழுந்தது. "எவண்டா அவன்? உள்ள ஆள் இருக்கு!"

கொழுந்தன் பட்டனைப் பிடித்து இழுத்தான். நகத்தால் நெம்பினான். அது உள்ளேயே கிடந்தது. "சார், இது செத்துப்போச்சு."

மெக்கானிக் வந்து லேசாகத் திருகினார். பட்டன் துள்ளி மேலே வந்தது. மோட்டார் முனகி எழுந்தது. "அழுத்தினா அழுத்தினதுதான் சார். ஒருத்தர் வந்து திருகி விடற வரைக்கும் கீழயேதான் கிடக்கும். தெரியாம யாரும் மறுபடி ஓட்டிடக் கூடாதில்ல?"

"அந்த அம்மா எந்த மாடியில இறங்கும்?" என்றான் கொழுந்தன். "நான் படியில போயிக்கறேன்."

எனக்கு எங்கோ ஏதோ இடறியது. அதை அப்புறம் பார்க்கலாமென்று ஒதுக்கி வைத்தேன்.

"வெட்டினா ஓடாதுன்னு சொல்றீங்க. அன்னைக்கு ஓடிச்சே. பட்டனும் நிறுத்தலையே?"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். அதற்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. மறுபடி செருகிக்கொண்டார்.

"அந்தப் பட்டன் வயர் போர்டுல நுழையற இடத்துல ரெண்டு திருகு இருக்கும். ரிப்பன் கேபிளைத் தூக்கினாத் தெரியும். ரெண்டு திருகையும் சேர்த்து ஒரு குட்டி மஞ்சள் வயர் வளைஞ்சிருக்கான்னு பாருங்க. இருந்தா, அது நான் போட்டது."

"எதுக்கு?" என்றேன்.

"புதுப் போர்டு இணைச்சதும் மோட்டார் சரியான பக்கம் சுத்துதான்னு பார்க்கணும். பட்டனை இன்னும் மாட்டல. அது இல்லாம போர்டு எழுந்திரிக்காது. அதனால கரண்ட் ஓடற மாதிரி அதை ஏமாத்த, குறுக்க ஒரு வயர் போடுவோம். பார்த்து முடிச்சதும் எடுத்துடணும். எடுக்கறதுக்குள்ள பேப்பர் வந்துடுச்சு. மேடையில நான் ரெண்டு பேர் பேரையும்தான் சொன்னேன். பேப்பர்ல ஒண்ணுதான் வந்துது. அதைச் சொல்லக்கூட அவன் விடல." அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "மீதியை அவனே மாட்டியிருக்கான். ஒரு தடவை பட்டனை அழுத்திச் சோதிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும். ஆத்திரத்துல வேலை பார்க்கறவன் சோதிக்க மாட்டான்."

"நீங்களும் மறந்துட்டீங்க."

"தெருவைத் தாண்டறதுக்குள்ள ஞாபகம் வந்துடுச்சு."

"அப்போ சொல்லலையா?"

கீழே லிஃப்ட் எங்கோ நின்று கதவு திறந்தது. அந்த அம்மாள் யாரையோ திட்டிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது.

"சொன்னேன்" என்றார்.

"யார்கிட்ட?"

"அதைக் கேக்காதீங்க மேடம். அந்த வீட்ல ஏற்கனவே ஒரு கை போயிருக்கு. போலீஸ் கூப்பிட்டா வர்றேன். வயர் என்னோடது, நான் இல்லைன்னு சொல்லமாட்டேன்."

*

நாங்கள் திரும்பியபோது அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பி நின்றாள். கைப்பை தோளில். உதட்டில் லேசான சாயம்கூட.

நான் பெட்டியைத் திறந்து ரிப்பன் கேபிளைத் தூக்கினேன். அடியில், இரண்டு திருகுகளுக்கு நடுவே, பாலம்போல் வளைந்திருந்தது அந்த மஞ்சள் வயர்.

"இது என்ன?" என்றாள். நிஜமாகவே தெரியாத குரல்.

"இது இருக்கற வரைக்கும் சிவப்பு பட்டன் வேலை செய்யாது. போட்டது மெக்கானிக். அவரே ஒத்துக்கிட்டார்."

அவள் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டும். குழந்தை முதலடி வைத்ததைப் பார்த்த தாயின் முகம் அது. "பார்த்தீங்களா! நான் சொன்னேனே! வாங்க, போலாம்."

"ஒரு நிமிஷம். மஞ்சள் வயர் இருக்கறப்போ, பட்டன் வயரை வெட்டினாலும் ஒண்ணுதான், வெட்டாட்டியும் ஒண்ணுதான். அப்புறம் ஏன் வெட்டணும்?"

"அவன் புத்தி அது."

"அவர் புத்தி அப்படிப் போகாது. மஞ்சள் வயர் இல்லைன்னா, இதை வெட்டினதும் மெஷின் கிளம்பவே கிளம்பாது. மெஷின் தெரிஞ்சவங்க யாரும் இதை வெட்டமாட்டாங்க. வயரை வெட்டினா பட்டன் செத்துடும்னு நம்மை மாதிரி நினைக்கறவங்கதான் வெட்டுவாங்க. சாவி உங்ககிட்டதான் இருந்துதுன்னீங்க."

அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"ஆமா, நான்தான் வெட்டினேன். சாட்சி இல்லையேன்னு வெட்டினேன். அதனால என்ன? அவன் பண்ணினதை அவனே ஒத்துக்கிட்டான்ல?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பக்கத்திலேயே இருந்த நிஜச் சாட்சியைப் பார்க்காமல் பொய்ச் சாட்சி செய்திருக்கிறாள், அவ்வளவுதான். போய்விடலாமென்றுகூட எனக்குத் தோன்றியது. அப்போதுதான் கதவுப் பக்கம் சத்தம் கேட்டது.

டக்.

"அண்ணி" என்றான் கொழுந்தன். "மன்னிச்சுக்குங்க, கை சும்மா இல்ல. இதுவும் மேல வரமாட்டேங்குது."

சிவப்புத் தலை உள்ளே அமுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வாழ்க்கையில் முதல்தடவை பார்ப்பதுபோல. லிஃப்ட் அறையில் இடறியது எதுவென்று எனக்கு விளங்கியது.

"காலிங் பெல் மாதிரி மேல வந்துடுச்சுன்னீங்க" என்றேன். "இது வராது. யாராவது திருகணும். நீங்க அன்னைக்கு இதைத் தொடவே இல்ல."

"பதட்டத்துல என்ன பண்ணினேன்னு..."

"பதட்டத்துல இருக்கறவங்க கைக்கு எட்டினதைத்தான் அழுத்துவாங்க. நீங்க இதைத் தாண்டி, மெஷினைச் சுத்திக்கிட்டு, அந்தச் சுவருக்கு ஓடியிருக்கீங்க. இது வேலை செய்யாதுன்னு முன்னாடியே தெரிஞ்சாத்தான் அப்படி ஓட முடியும். மெக்கானிக் யார்கிட்ட சொன்னார்?"

அவள் அந்த இரும்பு மேசையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். வாரிய தலை கலையவில்லை, முகம் மட்டும் கலைந்தது.

"வாசல்ல வந்து நின்னான்" என்றாள். "'போன் எடுக்கமாட்டேங்கறான்'னான். எப்படி எடுப்பார்? அவன் நம்பரை இவர் போன்ல நான்தான் தடுத்து வெச்சிருந்தேன். 'சிவப்பு பட்டன் இப்ப வேலை செய்யாது, நான் வந்து சரி பண்ணித் தர்ற வரைக்கும் மெஷினை ஓட்டவேண்டாம்னு சொல்லிடுங்க'ன்னான். சொல்றேன்னேன். கதவைச் சாத்தினேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இவர் உருகிடுவார். 'பாரு, நம்ம மேல எவ்வளவு அக்கறை'ன்னு அவனைத் திருப்பி உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சுடுவார். கொஞ்ச நாள் வேகட்டும்னு நினைச்சேன். அவன் வேகட்டும்னுதான்." அவள் என் கண்ணைப் பார்த்தாள். "கிளினிக்ல யார் என்ன சொல்லிட்டுப் போனாலும் டாக்டர்கிட்ட சொல்லிடுவேன். ஒண்ணுகூட விட்டதில்ல."

அந்த மெக்கானிக்கை அவள் ஏன் அவ்வளவு முழுமையாக வெறுத்தாள் என்பது புரிந்தது. ஒரு நொடி அந்த வெறுப்பை இறக்கி வைத்தால், அது நின்ற இடத்தில் அவளேதான் நின்றிருப்பாள்.

"நீ ஓடினது சரியான இடத்துக்குத்தான்."

கதவில் மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"என் கைதான் மாட்டியிருந்துது. கண்ணு மாட்டல" என்றார் மனைவியிடம். "நான் பட்டன் பட்டன்னு கத்தறேன். நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காம மெயினுக்கு ஓடறே. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அதையேதான் நினைச்சிட்டிருந்தேன். இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என்னங்க... அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீயும் அப்பவே சொல்லியிருக்கலாமே."

குரலை உயர்த்தவில்லை அவர். உயர்த்தியிருந்தால் தேவலை.

"நீ எனக்குச் சோறு ஊட்டி விட்டே. ஒவ்வொரு வாய்க்கும், இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னுதான் வாயைத் திறந்தேன். நீ சொல்லல. திடீர்னு வயர் வெட்டியிருக்குன்னே. போலீஸ்ன்னே. சரி, எவ்வளவு தூரம்தான் போறான்னு பார்ப்போம்னு தோணிச்சு. அதான் இவங்களைக் கூப்பிடச் சொன்னேன்."

என்னை அமர்த்தியது அவள் என்று நினைத்திருந்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஒரு கத்தியைப் பிடிக்க அவருக்கு விரல் போதவில்லை. அதனால் என்னைப் பிடித்திருக்கிறார்.

"அவன் கொஞ்ச நாள் வேகட்டும்னு நினைச்சேல்ல" என்றார். "நானும் உன்னைப் பத்தி அதேதான் நினைச்சேன். நமக்குள்ள இதுல மட்டும் நல்ல பொருத்தம்."

இடது கையால் சட்டைப்பையைத் துழாவித் தன் போனை எடுத்து, மேசையில் மரத்தூளின் மேல் வைத்து, அவள் பக்கம் தள்ளினார்.

"அவன் நம்பரை விடுவி. போன் பண்ணு. சத்தமா வை. வாசல்ல என்கிட்ட சொல்லச் சொல்லி அவன் சொன்னதை, அவன் கேக்க என்கிட்ட சொல்லு."

"வேற என்ன வேணும்னாலும் செய்யறேன். இது வேண்டாங்க."

"வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

அவள் போனை எடுத்தாள். தடையை எடுத்து, நம்பரை அழுத்தினாள். மணி அடிக்கும் ஒலி தகரக்கூரையில் மோதித் திரும்பியது. கொழுந்தன் என் முழங்கையைத் தொட்டான்.

நாங்கள் வாசலைத் தாண்டும்போது மெக்கானிக்கின் குரல் கேட்டது. "டேய்... நீயாடா? கை எப்படிடா இருக்கு?"

காரில் உட்கார்ந்தோம். கொழுந்தன் சாவியைப் போட்டான், திருப்பவில்லை. இவ்வளவு நடந்தபிறகும் அவனிடமிருந்து ஒரு நக்கல் வரவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"உங்க அண்ணன் நேத்து என்ன சொல்லச் சொன்னார்?"

அவன் கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்தான். "எடுக்கக் கூடாதுன்னீங்களே."

"இப்ப சொல்லு" என்றேன். "கேட்டுட்டு அப்புறம் வெறுத்துக்கறேன்."